கடைசி வீட்டுச் சுவரில் ஆறு நிமிடம்

கடுகு அரைத்து விற்கிற மனிதர் ஒருவர் சைக்கிள் அணி வைத்ததற்குக் காரணம் பொறாமை. விளையாட்டின் மேல் ஆசை, இளைஞர் முன்னேற்றம் என்றெல்லாம் பேப்பர்காரர்கள் பிறகு எழுதினார்கள். பேப்பரில் தேதி ஒன்றுதான் சரியாக இருக்கும். அதுவும் முதல் பக்கத்தின் உச்சியில் இருக்கிற தேதி.

அந்த அணியில் நான் பதினோரு வருடம் மெக்கானிக். எனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் வினிகர் காய்ச்சுகிற முதலாளியின் மச்சான், 1968-ல் ஒரு அணிக்குத் தன் பேரைக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து அந்தப் பேரைக் காட்டினான். எங்கள் முதலாளி அகீல் வெர்ஸ்பெக்ட் அன்றைக்கு இனிப்பைத் தொடாமல் எழுந்துவிட்டார். அடுத்த வருடமே பத்து ஓட்டக்காரர்கள், கடுகு நிறத்தில் சட்டை, நெஞ்சில் கறுப்பு எழுத்தில் ‘வெர்ஸ்பெக்ட்’. ரூஸ்பெக்கெ ஊரில் தறி பழுது பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, “கமீல், சைக்கிள் பழுது பாப்பியா?” என்று கேட்டார். தறியை விட அது சுலபம் என்றேன். ஒரு காரும் ஒரு வேனும் கொடுத்தார். வார நாட்களில் அந்த வேன் கடைகளுக்குக் கடுகுப் பாட்டில் ஏற்றிப் போகும்.

டயர்களைக் கடுகுக் கிடங்கின் அடியறையில்தான் தொங்கவிட்டிருந்தேன். இருட்டில் ஒரு வருடம் தொங்கினால் ரப்பர் இறுகும், முள் குத்தாது. ஆனால் எங்கள் சக்கரங்கள் போகிற வழியெல்லாம் மணக்கும். எங்கள் பக்கம் சாசேஜ் என்கிற இறைச்சிக் குழலைக் கடுகு தொட்டுத்தான் தின்பார்கள். மற்ற அணிக்காரர்கள், “கடுகு வந்தாச்சு, சாசேஜ் எங்கடா?” என்பார்கள். ஐந்து வருடம் ஒவ்வொரு பந்தயத்திலும் இதையே சொன்னார்கள். அவர்களுக்கு வேறு நகைச்சுவை தெரியாது.

அந்த ஐந்து வருடத்தில் ஊர்த் திருவிழாப் பந்தயங்களில் ஏழு ஜெயித்தோம். பெரிய பந்தயத்தில் ஒன்றும் கிடையாது. பிரான்சில் ஒரு முறை மூன்றாவது வந்தோம். அன்றைக்கு முன்னால் போன நான்கு பேர் வழி தவறி ஒரு மாட்டுப் பண்ணைக்குள் போய்விட்டார்கள்.

1974 ஏப்ரலில் ‘மூன்று மணிக்கூண்டு’ என்ற பந்தயம். வசந்த காலத்தின் கடைசிப் பெரிய பந்தயம் அது. காலையில் சாப்பாட்டுக் கடையின் பின்புறம் நான் சக்கரங்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் தொப்பியைக் கழற்றினால் கெட்ட செய்திதான்.

“பசங்களா, நேராவே சொல்றேன். அஞ்சு வருஷமா என் பேரை நெஞ்சுல சுமந்துட்டு எங்கயோ பின்னாடி வர்றீங்க. ஒருத்தரும் பாக்கல. இன்னிக்கு ஜெயிச்சா அணி இருக்கும். இல்லைன்னா நாளைக்குக் காலைல சைக்கிளைக் கொண்டுவந்து கிடங்குல சாத்திட்டு அவங்கவங்க வேலையைப் பாத்துட்டுப் போங்க.”

எங்கள் மேலாளர் ரெமி தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடீல் கத்ரீஸ் மட்டும், வாயில் ரொட்டியோடு, “ஜெயிக்கணும்னா மூணாவது வந்தா போதாதா முதலாளி?” என்றான்.

“போதாது.”

“சரி, கேட்டு வெச்சுக்கலாமேன்னுதான்.”

ஓடீலுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அணி போனால் அவனுக்குச் செங்கல் சூளைதான். அவன் அப்பாவும் அங்கேதான், அண்ணனும் அங்கேதான். இரண்டு பேருக்கும் இருமல். அவனுக்கு வேறு எந்த அணியும் இடம் கொடுக்காது. மலையேற வராது, கடைசி வேகத்தில் முந்த வராது. எதிர்காற்றில் மணிக்கணக்காக முன்னால் ஓட்டி மற்றவர்களுக்கு மறைப்புக் கொடுப்பான். அந்த வேலையை யாரும் பேப்பரில் எழுதுவதில்லை.

அன்றைய பாதை அவனுடைய ஊரான ஸ்டாவெல்கெர்க்கெ வழியாகப் போனது. முடிவுக் கோட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது அந்த ஊர் வரும். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் உன் ஊரைத் தொடுகிறது என்றால், சேர்ந்து ஓட்டுகிற கூட்டத்தில் பெரியவன் யாரோ அவனிடம் போய்க் கேட்கலாம். அவன் தலையாட்டினால் நீ முன்னால் போகலாம். பெண்டாட்டியை முத்தமிடலாம், பிள்ளைகளுக்குக் கையாட்டலாம். மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து வருவார்கள். பதிலுக்கு நீ ஓடிப்போகக் கூடாது. ஊரின் கடைசி வீடு வருவதற்குள் அவர்களோடு சேர்ந்துவிட வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் இதை மீறினவனுக்கு அப்புறம் ஒருத்தனும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க மாட்டான். மீறின ஒருவனை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் அவன் சலூன் வைத்துவிட்டான்.

அன்றைக்குக் கூட்டத்தில் பெரியவன் யோசெஃப் ஹெமெல்சூட். அதற்கு முந்தின வருடம் பாதிப் பந்தயங்களை அவன்தான் ஜெயித்தான். நல்லவனா என்றால் எனக்குத் தெரியாது. நிறைய ஜெயிக்கிறவனை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஓடீல் அவன் பக்கத்தில் போய்க் கேட்டானாம்.

“என் ஊரு வருது. வீட்டுக்காரி நிப்பா.”

“அழகா இருப்பாளா?”

“எனக்குப் போதும்.”

“போ. கடைசி வீடு. ஞாபகம் இருக்கட்டும்.”

இதைப் பிறகு ஓடீல்தான் சொன்னான்.

நான் அப்போது முதலாளியோடு வேனில் முன்னாலேயே ஸ்டாவெல்கெர்க்கெ வந்துவிட்டேன், இரண்டு ஜோடி சக்கரமும் சாப்பாட்டுப் பைகளுமாக. மழை தூறிக்கொண்டிருந்தது. ஊரே தேவாலயத்தின் முன்னால் நின்றது. பித்தளை வாத்தியக் குழு குடைக்கடியில் வாசித்துக்கொண்டிருந்தது. ஓடீலின் மனைவி கோட்லீவ், பாலில் வெந்த அரிசியை வைத்துச் சுட்ட கேக்கைத் துணியால் மூடி எடுத்து வந்திருந்தாள்.

முதலில் டெலிவிஷன்காரன் மோட்டார் சைக்கிள், பிறகு போட்டோக்காரர்களின் இரண்டு மோட்டார் சைக்கிள்கள், பிறகு நடுவர் மோட்டார் சைக்கிள். அதன் பின்னால் தனியாக ஓடீல், கடுகு நிறத்தில், நனைந்து. ஊர் கத்தின கத்தலில் குழுவின் வாத்தியம் கேட்கவில்லை. பிரேக்கைப் பிடித்தான், ஒரு காலை ஊன்றினான், கோட்லீவை முத்தமிட்டான், ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டான். திரும்பிப் பார்த்தான்.

ரோடு காலி.

“எங்க காணோம்?” என்றான் வாய் நிறைய.

“மெதுவா வர்றாங்க போல” என்றேன்.

ஒரு நிமிடம் போயிற்று. பின்னால் இருந்து இன்னொரு நடுவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார் என்பது மீசையிலேயே தெரிந்தது.

“ரயில்வே கேட் மூடிட்டான். நீயும் நானும் தாண்டினதும் மூடிட்டான். கல்லு ஏத்தின சரக்கு வண்டி பாதி தாண்டி நடுவுல நின்னுபோச்சு. மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம். டீம் கார் எல்லாம் அந்தப் பக்கம்.”

“அப்ப என்ன செய்யணும்?” என்றான் ஓடீல்.

“செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. கேட் மூடறதுக்கு முன்னாடி தாண்டினவனுக்கு அது அவன் அதிர்ஷ்டம். விதியே அதுதான். நீ போகலாம்.”

முதலாளி வேனிலிருந்து குதித்தார். அந்த வயதில், அந்த வயிற்றோடு குதித்தார்.

“போடா! போ! என்னடா நின்னுட்டிருக்க? எவ்வளவு நேரம் நிக்கும் அந்த ரயிலு?”

“அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்” என்றார் நடுவர்.

“பத்து நிமிஷம்! நாப்பது கிலோமீட்டர்! இதுல தோக்கறவன் பொறந்தே இருக்க மாட்டான்! ஏறுடா!”

ஓடீல் ஏறவில்லை. உதட்டிலிருந்த சர்க்கரையை நாக்கால் துடைத்தான்.

“முடியாது முதலாளி. ஹெமெல்சூட்கிட்ட கடைசி வீடுன்னு சொல்லிட்டேன்.”

“ரயிலையா நீ கூட்டிட்டு வந்த?”

“இல்ல. ஆனா ரயிலு வந்தா சரின்னும் நான் சொல்லலயே.”

நானும் போகத்தான் சொன்னேன். இதில் பொய் சொல்ல மாட்டேன். “ஓடீல், அவனுங்க உன் இடத்துல இருந்தா போயிட்டே இருப்பானுங்க” என்றேன். எனக்கு மனுஷர்களைப் பற்றித் தெரியும். சக்கரத்தை நம்புவேன், அதுவும் நானே கம்பி கோர்த்த சக்கரமாக இருந்தால்.

“போயிடலாம்தான் கமீல்” என்றான். “அப்புறம் பத்து வருஷம் என்னை அப்படிப் பாப்பானுங்க.”

“பத்து வருஷமா? உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஓடினாலே பெருசு.”

“அப்ப அந்த ரெண்டு வருஷம்.”

முதலாளி பாதிரியாரைப் பிடித்தார். “சாமி, நீங்களாவது சொல்லுங்க. இது கடவுள் அனுப்பின ரயில் இல்லையா?”

பாதிரியார் குடைக்கடியிலிருந்து தலையை நீட்டினார். “ரயில்வேயில கடவுள் தலையிடற மாதிரி எனக்குத் தெரியல” என்றார். “தலையிட்டா நேரத்துக்கு வரும்.”

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் போ என்றார்கள், பாதிப் பேர் நில் என்றார்கள். கசாப்புக்கடைக்காரர் இரண்டையும் சொன்னார். கோட்லீவ் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டு வெட்டினாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ சொன்னா கேப்பான்மா. அணி போச்சுன்னா சூளைதான்” என்றேன்.

“தெரியும் கமீலண்ணே. நான் சொன்னா கேப்பாரு. அதனாலதான் சொல்லல” என்றாள்.

சரி, சொன்ன சொல் கடைசி வீடு, அங்கேயே போய் நிற்கிறேன் என்று ஓடீல் மெதுவாக மிதித்தான். ஊர் முழுக்க அவன் கூடவே நடந்தது. குழந்தைகள், நாய்கள், கேக், பாதிரியார். வாத்தியக் குழு நடந்துகொண்டே வாசித்தது. கடைசி வீடு பன்றி வளர்க்கிற சீரிலுடையது. ஓடீல் சைக்கிளை அதன் வெள்ளைச் சுவரில் சாய்த்து, தானும் சாய்ந்து நின்றான். நான் பின் சக்கரத்தைக் கழற்றி லேசான சக்கரத்தைப் போட்டேன், சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். சும்மா நிற்க எனக்கு வராது.

டெலிவிஷன்காரனும் போட்டோக்காரர்களும் என்ன செய்வார்கள்? பந்தயம் முழுக்க ரயிலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு ஓட்டக்காரன், அவனும் நிற்கிறான். கேமராவை அவன் நேரே திருப்பி வைத்துக்கொண்டார்கள். சீரில் ஒரு டிரான்சிஸ்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அதில் ஒருவன் மூச்சு விடாமல் பேசினான்: “வெர்ஸ்பெக்ட் அணியின் கத்ரீஸ் இப்போது இரண்டாவது துண்டைக் கையில் எடுத்திருக்கிறார்... இல்லை, மூன்றாவது...”

“அதை நிறுத்துய்யா!” என்று முதலாளி கத்தினார். சீரில் நிறுத்திவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் அழுகிற நிலையில் இருந்தால் சொன்னதைச் செய்துவிடுவதுதான் நல்லது.

சீரில் வீட்டம்மா ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். “ஓடீல்! எங்க வீட்டு டிவில நீதான் இருக்க! வயிறு பெருசா தெரியுது, உள்ள இழு!”

ஓடீல் இழுத்தான். ஊர் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

“கேட்டுக்கோ” என்றார் அவனிடம், குரலைத் தாழ்த்தி. “இன்னும் நீ நின்னேன்னா நாளைக்குன்னு இல்ல, இப்பவே அணி முடிஞ்சுது. இந்தச் சுவத்துலயே முடிஞ்சுது.”

ஓடீலின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு காலை மிதிகட்டையில் வைத்தான், பிறகு எடுத்துவிட்டான்.

“முடிச்சுக்குங்க முதலாளி” என்றான். “ஆனா சட்டையில நம்பர் குத்திட்டேன், சாயங்காலம் வரைக்கும் ஓட்டிட்டுத்தான் கழட்டுவேன்.”

அந்தச் சுவரில் ஆறு நிமிடமும் சில விநாடிகளும் ஆயின. நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அப்புறம் தேவாலயப் பக்கம் மணிச் சத்தம் மாதிரி சங்கிலிகளின் சத்தம் கேட்டது. கூட்டம் வந்தது. மழையில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில் எல்லோருக்கும் முழங்கால் சிவந்து, உதடு நீலம். முதல் ஆளாக ஹெமெல்சூட். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் ஓடீலை எந்தெந்த வார்த்தையில் திட்டினான் என்று பிறகு பலர் எனக்குச் சொன்னார்கள். அவை இங்கே வேண்டாம். கடுகுச் சட்டைக்காரன் ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டிப் போயிருப்பான் என்றே அவன் நினைத்திருந்தான். ஊர் முனையில் வாத்தியக் குழுவோடு நிற்கிறவனைப் பார்த்ததும் இரண்டு பிரேக்கையும் பிடித்தான். பின்னால் வந்தவர்கள் அவன் மேல் மோதாமல் இருக்க ரோடு முழுக்கக் கத்தினார்கள்.

“நீ என்னடா பண்ற இங்க?”

“கடைசி வீடு” என்றான் ஓடீல்.

ஹெமெல்சூட் சுவரைப் பார்த்தான், பன்றிகளைப் பார்த்தான், கேக்கைப் பார்த்தான்.

“உனக்குப் பைத்தியமா?”

“அதைத்தான் இங்க எல்லாரும் பேசிட்டிருக்கோம்.”

கூட்டத்தில் யாரோ, “சாசேஜுக்காகக் காத்திருக்கான்டா!” என்றான். குளிரில் விறைத்துப் போயிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த நகைச்சுவைக்கு ஐந்து வருடத்தில் நான் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

ஹெமெல்சூட் மட்டும் சிரிக்கவில்லை. கோட்லீவிடம் கை நீட்டி ஒரு துண்டு கேக் வாங்கிக்கொண்டான்.

“கேளு. நீ நின்ன நேரம் பூரா தர மாட்டேன், நான் பாதிரியார் இல்ல. ஒரு நிமிஷம் தர்றேன். இதைத் தின்னு முடிக்கிற வரைக்கும். அப்புறம் பல்லைக் கடிச்சுட்டு வருவேன்.”

ஓடீல் பாய்ந்தான். அந்த லேசான சக்கரம் சுற்றின சத்தம் இன்றைக்கும் எனக்குத் திருப்தி. ஹெமெல்சூட் அவ்வளவு மெதுவாகக் கேக் தின்றதை நான் பார்த்ததில்லை, ஒவ்வொரு அரிசியாகத் தின்றான். பின்னால் ஒருவனும் தாண்டவில்லை. கடைசியில் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, “சரி, பிடிங்கடா” என்றான்.

ஓடீல் கால்வாய் ஓரமாக இருபத்தேழு கிலோமீட்டர் தனியாகக் காற்றில் போனான். பிறகு பிடித்துவிட்டார்கள். ஹெமெல்சூட் ஜெயித்தான், எப்போதும் போல. ஓடீல் ஒன்பதாவது.

முடிவுக் கோடு வரை முதலாளி வேன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் மனதுக்குள் பழைய தறிப் பட்டறையின் வாசலை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த மேஸ்திரி உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது. அணியின் ஐந்து வருடம் ஒரு பன்றிக்காரன் சுவரில் முடிந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முடிவுக் கோட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், டெலிபோனில் முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவி. அந்த அம்மாளின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“அகீல்! மத்தியானத்துலருந்து போனை வைக்க முடியல! கென்ட்லருந்து ரெண்டு கடை, கோர்ட்ரைக்லருந்து மூணு. அந்தக் கேக் தின்னவனோட கடுகு வேணுமாம். ஆறு நிமிஷமா டிவில உன் பேருதான்! வேற ஒண்ணுமே காட்டல! சுவரு, உன் பேரு, சுவரு, உன் பேரு!”

முதலாளி ரிசீவரை வைத்தார். வேகமாகப் போகிற ஓட்டக்காரனின் நெஞ்சில் எழுதியிருப்பதை யாராலும் படிக்க முடியாது, குனிந்து மிதித்தால் எழுத்து மடிந்துவிடும். ஜெயித்தவன் கையைத் தூக்குகிற இரண்டு விநாடிதான் தெரியும். நிமிர்ந்து, வயிற்றை உள்ளிழுத்து, வெள்ளைச் சுவரில் சாய்ந்து ஆறு நிமிடம் நிற்கிறவனின் சட்டையைக் கண்ணாடி போடாதவனும் படிப்பான். இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் நடந்திருக்காது.

மறுநாள் நாங்கள் சைக்கிள்களைக் கிடங்கில் சாத்த வந்தோம். முதலாளி வாசலில் நின்றார், தொப்பி தலையில் இருந்தது. கையில் நாலு பேப்பர். நாலிலும் முதல் பக்கத்தில் அதே படம்: ஓடீல், கேக், வாத்தியக் குழு, இரண்டு பன்றி. ஹெமெல்சூட் ஜெயித்த படம் உள்ளே நாலாம் பக்கத்தில், தீப்பெட்டி அளவில்.

“சைக்கிளை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?” என்றார்.

“நீங்கதான் சாத்தச் சொன்னீங்க” என்றேன்.

“நானா? நான் எப்ப சொன்னேன்? துடைக்கச் சொல்லியிருப்பேன்.” பிறகு ஓடீலின் தோளில் கை வைத்தார். “நேத்தே சொன்னேன்ல, நில்லுடா நில்லுடான்னு. சரியாத்தான் நின்ன.”

ஓடீல் என்னைப் பார்த்தான். நான் சங்கிலியைத் துடைத்தேன். ஊரே காது கேட்க ரோட்டில் கத்தின மனுஷன், ஒரே இராத்திரியில் அதை மாற்றிக்கொண்டார். அதனால்தான் அவர் முதலாளி, நான் மெக்கானிக். ஆனால் அணி இருந்தது. அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தது. அதில் ஓடீல் மூன்று வருடம் ஓட்டினான். சூளைக்குப் போகவில்லை. எந்தப் பந்தயத்தில் எவனிடம் தண்ணீர் கேட்டாலும் கொடுத்தார்கள், கேட்காமலே கொடுத்தவனும் உண்டு. இது மட்டும் மனுஷர்களைப் பற்றி நான் சொன்னதற்கு நேர்மாறாக நடந்தது. சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிம்பர்கில் ஒரு பந்தயம். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் இருந்தது. முதலாளி ஓடீலை ஓரமாகக் கூட்டிப் போனார். நான் பக்கத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

“ஓடீல், இன்னிக்கு நீ ஜெயிக்கணும்னு இல்ல. ஆனா ஒரு நல்ல இடமா பாத்து, வெள்ளைச் சுவரா பாத்து, கொஞ்ச நேரம் நிக்க முடியுமா?”

“சும்மா நின்னா பின்தங்கினவங்களை ஏத்தற வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாங்க முதலாளி. அதுக்கு ஒரு ரயிலு வேணும்.”

முதலாளி தாடையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கமீல், உனக்கு ரயில்வேயில யாரையாவது தெரியுமா?”